வீரம்மா கையால் போணி

மழைக்காலத்தில் வெல்லத்தைச் சாக்கில் விட்டு வைக்கக் கூடாது. கசியும். கசிந்த வெல்லத்துக்கு எறும்பு வரும், எறும்பு மொய்த்த வெல்லத்தை நான் என் கடையில் விற்பதில்லை. கடைச்சாவி உங்கள் மேசைமேல் இருக்கிறது. யாராவது ஒரு போலீஸ்காரரை அனுப்பி, உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருக்கும் சாக்கை அவிழ்த்து, மூடி போட்ட தகர டின்னில் கொட்டி வைக்கச் சொன்னால் உபகாரமாக இருக்கும். சிம்பாங் பூலாயில் இந்த மாதம் முழுக்க மழை.

பஞ்சலிங்கம் ஐயா, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வெல்லம் கசிந்தால் ஒருவனுக்குத் தூக்கம் ஏன் போகிறது என்று உங்களுக்கு விளங்காது. அதை விளங்க வைக்கத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் தராசில் நான் அப்படித்தான் நிறுத்தேன். நீங்கள் கேட்ட புருஷன் பெண்சாதி இரண்டு பேரைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். முதலில் கடை.

என் பெயர் சதாசிவம். முசிறிப் பக்கம். இந்த நாட்டுக்கு வந்து, ஈப்போவில் புந்தோங்கில் ஒரு மளிகைக்கடையில் பல வருஷம் பொட்டலம் மடித்தேன். அப்புறம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், சிம்பாங் பூலாய்ச் சந்தியில், சொந்தமாகக் கடை போட்டேன். ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்ட வருஷம். கடை வாடகை அதனால்தான் மலிவாக இருந்தது. மலிவைப் பார்த்தேன், காரணத்தைப் பார்க்கவில்லை. தோட்டங்களில் பாதி ஆட்களைச் சீட்டுக் கிழித்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஊரில் இருக்கிறாள். கடல் தாண்டமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை.

கடைக்காரன் கஷ்டம் என்றால் பணக்கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பணக்கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லலாம். கேட்கிறவன் ஒன்றும் தரமாட்டான் என்றாலும் 'அடப் பாவமே' என்றாவது சொல்வான். பயத்தை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து, வாசலில் தண்ணீர் தெளித்து, பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு உட்கார்ந்தால் அது வரும். ரோட்டில் ஆள் போகும். நம் கடைக்குத்தான் என்று முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வேன். ஆள் தாண்டிப் போய்விடும். சிரித்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாது. அடுத்த ஆள் வருவதற்குள் அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும்.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் மரத்தை ஒரு வெட்டு ஆழமாக வெட்டிவிட்டுப் போவான். கங்காணிக்குக் கோபம் வந்தால் கையில் பிரம்பு இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் நான் 'வாங்கக்கா, என்ன வேணும்' என்றுதான் சொல்ல வேண்டும். அழுகை வந்தாலும் அதேதான். ஆறேழு மாதம் இப்படிப் போனதும் தினமும் கடை திறப்பதற்கு முன் பின்பக்கம் போய் வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். வெறும் தண்ணீர்தான் வரும். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிக்கொண்டு, பலகையைக் கழற்றுவேன். ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் சதாசிவம் நல்ல சிரித்த முகம் என்றுதான் சொல்வார்கள்.

இனி போணி. துரைக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். காலையில் கடையில் நடக்கும் முதல் வியாபாரம் போணி. அதைக் கடன் சொல்லக் கூடாது, பேரம் பேசி முறிக்கக் கூடாது. அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி, விளக்குக்குக் காட்டி, பெட்டியில் போடுவோம். முதலில் காசு கொடுத்தவர் கை எப்படியோ அன்றைய வியாபாரம் அப்படி. சிலருக்குக் கைராசி உண்டு, சிலருக்கு இல்லை. நீங்கள் இதை எழுதும்போது நிறுத்தி, "எங்கட ஊரில வருசப் பிறப்புக்குக் கைவிசேஷம் எண்டு காசு குடுக்கிறது மாதிரியோ?" என்று கேட்டீர்கள். அதேதான் ஐயா. உங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள். எங்களுக்குத் தினமும் வருஷப் பிறப்பு.

கை ராசியில்லாதவர்களையும் சொல்ல வேண்டும். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இராமசாமி என்று ஒரு கிழவர் இருந்தார், மாட்டுக்குப் புல் அறுக்கிறவர். அவர் வந்து போணி செய்த இரண்டு தடவையும் அன்று முழுக்க ஈ ஓட்டினேன். அதற்குப் பிறகு அவர் வருவதைக் கண்டால் கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டிவிடுவேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு எதிர்ப்பக்கம் மரத்தடியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வேறு யாராவது முதலில் வாங்கட்டும் என்று மழையில் நிற்பார். நல்ல மனுஷர். புகையிலையில் அவருக்கு எப்போதும் ஒரு கிள்ளு அதிகமாகவே வைத்தேன்.

அப்படி ஒரு மழை நாளில்தான் வீரம்மா வந்தாள். ஒரு வாரமாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி வியாபாரம் இல்லை. கடையை மூடிவிட்டுப் புந்தோங்குக்கே திரும்பிப் போய்ப் பொட்டலம் மடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே பலகையைக் கழற்றினேன். பலகைக்குப் பின்னால் அவள் நின்றாள். தலைமேல் சாக்கு, இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுகிற ஓட்டத்தில் வந்திருந்தாள்.

"அண்ணே, அரைக்காசுக்கு உப்பு குடுங்க. வெரசா குடுங்கண்ணே, பெரட்டுக்கு நேரமாச்சு. இந்த மழையில ரொம்ப சூசாவா, கஷ்டமா இருக்கு."

அன்று பத்து மணிக்கு ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கூட்டாகத் தங்கும் கொங்சி வீட்டிலிருந்து சமையல்காரன் வந்து நான்கு மூட்டை அரிசி கேட்டான். அவர்கள் வாங்கும் சீனக் கடையில் ஏதோ சண்டையாம். மத்தியானம் மாட்டு வண்டிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பெட்டிக் காசை இரண்டு தடவை எண்ணினேன். மறுநாள் காலையில் வாந்தி வரவில்லை. அன்று அவள் வரவில்லை, வேறு யாரோ போணி செய்தார்கள், கடை சுமாராகத்தான் ஓடியது. அதற்கு அடுத்த நாள் வந்தாள். திரும்பவும் நல்ல வியாபாரம். நான் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறவன் இல்லை. ஒரு மாதம் கவனித்துத்தான் முடிவுக்கு வந்தேன்.

அப்புறம் அவளிடம் கேட்டேன். தினமும் பெரட்டுக்குப் போகும் முன் என் கடைக்கு வந்து எதையாவது முதலில் வாங்கிப் போ, தங்கச்சி, உன் கை நல்ல கை என்று. அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாக ஒன்றை இந்த நாட்டில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். "என் கையா? இந்தக் கையாலயா?" என்று ரப்பர் பால் காய்ந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து மழையானாலும் உடம்பு சரியில்லாவிட்டாலும் வந்தாள். நானும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. குழந்தைக்கு, எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவார்கள், தினமும் ஒரு துண்டு வெல்லம் கொசுறு. பாப்பா எனக்கு வைத்த பெயரே 'வெல்ல மாமா'.

அடுத்த இரண்டு மூன்று வருஷம் என் கடை எழுந்து நின்றது. பக்கத்து அறையையும் எடுத்தேன், தகரக் கூரை போட்டேன். நீங்கள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "அந்த வருசங்களில ரப்பர் விலை ஏறினதெல்லோ, சதாசிவம்? எல்லாக் கடையும் ஓடினதுதானே?" உண்மைதான், எல்லாக் கடையும் ஓடியது. மற்றவர்களுக்கு எதனால் ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் கடைக்கு எதனால் ஓடியது என்று தெரியும்.

தினமும் காலையில் பலகைக்குப் பின்னால் அவள் செருமுகிற சத்தம் கேட்கும். பலகையைக் கழற்றுவதற்கு முன்பே என் மனம் அமைதியாகிவிடும். ஐயா, அந்த அமைதியை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவளைப் பெண்ணாக நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் செருமல்தான். கடை வைத்துப் பிழைக்கிற ஆயிரம் பேரில் ஒருவனுக்குக்கூட அப்படி ஒன்று கிடைத்திருக்காது.

இருபத்தைந்தாம் வருஷம், தைப்பூசத்துக்கு முன்னால், அவள் புருஷன் அர்ச்சுனன் சாயங்காலமாகக் கடைக்கு வந்தான். நல்ல உடம்புக்காரன், வாய் நிறையச் சிரிப்பான். வெற்றிலை வாங்கிக்கொண்டே சொன்னான்.

"சுங்கை சிப்புட்டுப் பக்கம் என் மச்சான் மண்டோரா, ஆள்களுக்கு மேலாளா இருக்கான் அண்ணே. வாய்யா, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு, நல்ல வீடு இருக்குன்னு கூப்புடுறான். தைப்பூசம் முடிஞ்சதும் போலாம்னு இருக்கோம். நீங்கதான் நல்லாப் பாத்துக்கிட்டீங்க, அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வீரம்மா சொன்னா."

நல்லது, போய் நன்றாக இருங்கள் என்றேன். அவன் போனதும் உள்ளே போய், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாந்தி எடுத்தேன்.

முதலில் நல்ல வார்த்தையாகத்தான் முயற்சி செய்தேன். அந்தப் பக்கம் காய்ச்சல் அதிகம், குழந்தைக்கு ஆகாது என்று சொன்னேன். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பேசி இங்கேயே கூலி கூட்டித் தரச் சொல்கிறேன் என்றேன், பேசியும் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. மச்சான் கூப்பிடுகிறான் என்பதிலேயே அர்ச்சுனன் நின்றான். அந்த ஒரு வாரமும் நான் சோறு தின்னவில்லை. ஆள் வராத கடையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற அந்தச் சதாசிவம் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அவனை எனக்குப் பிடிக்காது.

தோட்டத்தில் லாலான் புல்லைக் கொல்லத் தெளிக்கும் மருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரிசிக்கு எலி வருகிறது என்று ஸ்டோர்க்காரன் எனக்குப் பால் டின்னில் கொஞ்சம் கொடுத்திருந்தான். அதை மேல் தட்டில், சாப்பாட்டுச் சாமான் எதுவும் படாமல் தனியாகத்தான் வைத்திருந்தேன். இதில் நான் எப்போதும் கவனம்.

அர்ச்சுனனுக்குத் தைப்பூச வெயிலில் லேசாக வயிறு சரியில்லாமல் போயிற்று. சுக்கும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அதில் மிகமிகக் கொஞ்சம் சேர்த்தேன். அவனுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. படுத்திருக்கிறவன் மூட்டை கட்டமாட்டான், அவ்வளவுதான் என் எண்ணம். இரண்டு நாள் படுத்தான். எழுந்தான். மச்சானுக்கு ஆள் சொல்லி அனுப்பினான், அடுத்த வாரம் வருகிறோம் என்று. அடுத்த வாரம் வீரம்மாவே வந்து உருண்டை கேட்டாள். தோட்டத்து டிரசர் கொடுக்கிற தண்ணி மருந்தைவிட அண்ணன் கொடுத்ததுதான் அவருக்குக் கேட்டது என்றாள். அவன் தேறிவரும்போது கொடுப்பேன். ரொம்பத் தளர்ந்துவிட்டால் நிறுத்திவிட்டு வெறும் சுக்கு வெல்லம் கொடுப்பேன், கஞ்சிக்கு நொய்யும் அனுப்புவேன். சுங்கை சிப்புட்டு மச்சான் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அர்ச்சுனன் எழுந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, இந்தத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எங்கேயாவது போய்விடலாம் என்பதுதான்.

சித்திரையில் இறந்தான். அது கைப்பிசகு. நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை. டிரசர் வயிற்றுக்கடுப்பு என்று எழுதினார், அந்த வருஷம் லயத்தில் நிறையப் பேருக்கு அது இருந்தது. கோடித்துணி, பாடை மூங்கில், பறை அடிக்கிறவர்களுக்குச் சாராயம், எல்லாம் என் செலவு. கடை திறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் பகலில் பலகை போட்டேன். குழி மேட்டில் நின்று அழுதேன், ஐயா. அந்த அழுகையில் பொய் இல்லை.

மறுநாள் காலையில் செருமல் கேட்கவில்லை. துக்க வீடு, வரமாட்டாள் என்று விட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. லயத்துக்குப் போனேன். பொட்டில்லாத நெற்றியோடு வாசலில் உட்கார்ந்து மங்குத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"நான் இனிமே காலையில வரமாட்டேன் அண்ணே. தாலி அறுத்தவ மூஞ்சில முழிச்சிட்டுக் கடை தொறந்தா உங்க பொழப்பு என்னாவுறது? வெளிச்சம் வந்ததும் மத்தவங்க வாங்கின பொறவு வாரேன். உங்க கடை நல்லா இருக்கணும்ணே. அவருக்கு எவ்வளவு செஞ்சீங்க."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை யோசித்தேன், எத்தனை நாள் தூங்காமல் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. அவளைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள நான் செய்ததே அவள் கையை இல்லாமல் ஆக்கிவிட்டது. புருஷனை இழந்தவள் கையால் யாரும் போணி வாங்கமாட்டார்கள், நானும் வாங்கமாட்டேன். எங்கள் கடைத்தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பயம் ஒருவனுடைய புத்தியை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என் முகத்தைப் பார்த்து, அர்ச்சுனனை நினைத்துக் கலங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளே வழியும் சொன்னாள்.

"பாப்பாவ அனுப்புறேன் அண்ணே. அவளும் என் வயித்துல பொறந்தவதானே. அதே கைதான் இருக்கும்."

அவ்வளவு நல்ல பெண். மறுநாள் பலகையைக் கழற்றினால் பாப்பா நிற்கிறாள், ஏழு வயது, மூடிய கைக்குள் அரைக்காசு. "மாமா, உப்பு" என்றாள். அன்று வியாபாரம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. கை தாயிடமிருந்து இறங்கியிருந்தது. இன்னும் சுத்தமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். தாய் செருமுவாள், இவள் பலகையை விரலால் தட்டுவாள். அந்தத் தட்டல் கேட்டதும் எனக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் அதைப்போல் நிம்மதியான வருஷம் இல்லை. பாப்பாவுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். கடையில் உட்கார வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தேன். வீரம்மா பிறகு, வெயில் ஏறியதும், பின்பக்கமாக வந்து சாமான் வாங்கிப் போவாள். முன்வாசலுக்கு வரவே மாட்டாள், நான் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

இந்த வருஷம் ஆனியில் வீரம்மா வந்து ஒரு செய்தி சொன்னாள். புருஷனை இழந்தவளைப் பிள்ளையோடு ஊருக்கு அனுப்பத் தோட்டத்துக் கிராணி மனுப் போட்டாராம், சர்க்காரில் இலவசக் கப்பல் கிடைத்துவிட்டதாம். பினாங்கிலிருந்து அடுத்த வாரம் கப்பல். துறையூரில் அவள் அம்மா இருக்கிறாளாம். அவள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள்.

பாப்பாவை மட்டும் என்னிடம் விட்டுப் போ, நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன். கைகூப்பித்தான் கேட்டேன். "பெத்தவ எப்படிண்ணே விட்டுட்டுப் போவா?" என்றாள். நியாயமான பதில். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் மேற்கொண்டு ஒன்றும் வாதாடவில்லை.

போகும்போது அவள்தான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை, அவள் கேட்டாள். அதை அப்படியே எழுதுங்கள்.

"கப்பல்ல ஒரேடியா வாந்தி வருமாம்லா. அவருக்கு உருட்டிக் குடுப்பீங்களே அந்தச் சுக்கு வெல்லம், எனக்கும் கொஞ்சம் உருட்டிக் குடுங்கண்ணே. உங்க கையால வாங்கிட்டுப் போறேன்."

உருட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை கைப்பிசகு என்று சொல்லமாட்டேன். தெரிந்துதான் கொடுத்தேன். இப்போதே ஒன்று தின்று பார், உடம்பு பழகிக்கொள்ளும் என்றும் சொன்னேன். வாழை இலையில் கட்டிக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொன்னேன்: "பாப்பாவுக்கு மட்டும் குடுத்துறாதே தங்கச்சி, சின்னப் புள்ளைக்குச் சூடு." அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் எப்படிச் சொல்லாமல் இருப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

அன்று சாயங்காலமே அவளுக்கு முடியாமல் போயிற்று. நான் எதிர்பார்த்தது லயத்திலேயே இரண்டொரு நாள் கிடப்பாள், டிரசர் வந்து வழக்கமான காகிதத்தில் எழுதுவார் என்று. கப்பல் சீட்டு வாங்கியவள் என்பதால் கிராணி பயந்துபோய் வண்டி பிடித்து இங்கே பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். பாப்பாவும் கூடவே வந்திருக்கிறாள். மூன்றாம் நாள் தாய் போய்விட்டாள். துணி மூட்டையை அவிழ்த்தபோது இலைப் பொட்டலம் இருந்ததாம். மிட்டாய் என்று நினைத்து, அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு ஒன்றை நீட்டினாளாம் அங்கே வேலை செய்யும் ஆயா. பாப்பா வாங்கவில்லையாம்.

"அது பெரியவங்களுக்குத்தான். மாமா சொன்னாரு. அப்பாவுக்கும் அதான் குடுத்தாரு."

ஆயா டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். டாக்டர் உருண்டையைச் சோதித்துப் பார்க்க ஈப்போவுக்கு அனுப்பியிருக்கிறார். சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற பிள்ளை. நான் வளர்த்த விதம் அது.

நீங்கள் காலையில் என்னைக் கேட்டீர்கள், "ஒரு பொம்பிளையின்ர உயிர், ஒரு ஆம்பிளையின்ர உயிர், ஒரு பெட்டிக்கடைக்கோ?" என்று. அது பெட்டிக்கடை இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஒரு நாளாவது காலையில் பலகையைக் கழற்றிவிட்டு, வராத ஆளுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவருக்கு நான் என்ன சொன்னாலும் அது சாக்குப்போக்காகத்தான் தெரியும். நான் யாரையும் வெறுக்கவில்லை. அர்ச்சுனன் மேலோ வீரம்மா மேலோ எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கையால் கொடுத்தேன், இரண்டு பேரும் போனார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் என்னைப் பிடித்து வந்த நாளிலிருந்து கடை போணி இல்லாமல் கிடக்கிறது. ஒரு கடை இத்தனை நாள் போணியில்லாமல் இருந்தால் அப்புறம் அதை யாராலும் தூக்கி நிறுத்த முடியாது. பாப்பா ஆஸ்பத்திரி ஆயாவிடம் இருக்கிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். யாரோடும் பேசமாட்டேன் என்கிறாளாம், பாவம், ஆள் பழக்கமில்லாத இடம். நாளைக்கு வெல்லத்தை டின்னுக்கு மாற்ற ஆள் அனுப்புவீர்கள் அல்லவா, அவளையும் அந்த வண்டியிலேயே அனுப்பி வையுங்கள். விடியும்போது பலகையைக் கழற்றி, அவள் கையால் அரைக்காசுக்கு உப்பு வாங்கச் செய்துவிட்டு, திரும்ப மூடிவிடலாம். அதிக நேரம் ஆகாது. வரமாட்டேன் என்று அழுதால் அதட்ட வேண்டாம், ஐயா. கடையில் இருக்கிற வெல்லத்தில் ஒரு துண்டு கொடுங்கள், வந்துவிடுவாள்.